மென்பொருள் குழுவை ஆராயப் போகிறீர்களா? முதல் பேட்டி முடிந்த ராத்திரியே உட்காருங்கள்

முதல் தடவை ஒரு மென்பொருள் குழுவைப் பேட்டி எடுக்கப் போனபோது என் கையில் நாற்பது கேள்விகள் இருந்தன. கிருஷ்ணகிரியில் மாடி மேல் ஒரு சின்ன ஆபீஸ், ஐந்து பேர், மாங்கூழ் ஆலைகளுக்குக் கொள்முதல் கணக்கும் பில்லும் போடும் மென்பொருள் செய்கிறார்கள். அஜைல் முறை (வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து, திருத்திக்கொண்டே போவது) உண்டா, கோட் ரிவியூ (ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்ப்பது) எத்தனை நாளுக்கு ஒரு தடவை, டெஸ்டிங் யார் செய்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "பண்றோம்ணா" என்றே பதில் வந்தது. கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், அப்போது ஒரு தம்பி சொன்னார்: "மே மாசம் பொறந்துட்டா நாங்க எதுலயும் கைய வைக்க மாட்டோம்ணா." நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன், எழுதிக்கூட வைக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்ததில் உருப்படியான ஒரே வரி அதுதான் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

நீங்கள் அந்த ஒரு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எம்.ஈ., பிஎச்.டி. மாணவர்களாக இருக்கலாம், இல்லை வேலை பார்த்துக்கொண்டே தங்கள் துறையைப் புரிந்துகொள்ள நினைப்பவர்களாக இருக்கலாம். கிரவுண்டட் தியரி என்ற பெயரைக் கேள்விப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இது.

இது என்ன முறை

பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1967-ல் முன்வைத்த ஆய்வு முறை. அதற்கு முன்னால் அவர்கள் சான்பிரான்சிஸ்கோ பக்கத்து மருத்துவமனைகளில் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் சாகப் போவது நோயாளிக்குத் தெரியுமா, தெரியும் என்பது நர்சுக்குத் தெரியுமா, தெரிந்தும் தெரியாத மாதிரி இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் புத்தகக் கோட்பாட்டை வைத்து அளக்காமல், கண்ணால் பார்த்ததிலிருந்தே கோட்பாட்டைக் கட்டி எழுப்பினார்கள். அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்று பிறகு விளக்கியதுதான் கிரவுண்டட் தியரி.

மென்பொருளுக்கு இது ஏன் பொருந்துகிறது? மென்பொருள் எப்படி எழுதப்பட வேண்டும் என்று சொல்லும் முறைகள் ஏராளம், எப்படி எழுதப்படுகிறது என்று சொல்பவை குறைவு. அந்த இடைவெளியில் இருப்பது மனிதர்கள். ரஷினா ஹோடா என்ற ஆராய்ச்சியாளர் நியூசிலாந்திலும் இந்தியாவிலும் 23 நிறுவனங்களைச் சேர்ந்த 58 பேரிடமிருந்து தரவு சேகரித்து, அஜைல் குழுக்களுக்குள் எந்த நியமன ஆணையிலும் இல்லாத ஆறு பாத்திரங்கள் தானாக முளைப்பதைக் காட்டினார். வாடிக்கையாளர் பேச்சைக் குழுவுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்பவர் ஒருவர், மேலிடத்தில் குழுவுக்காகப் பேசுபவர் ஒருவர், குழுவுக்கு ஒத்துவராதவரை விலக்க வழிசெய்பவர் ஒருவர், இப்படி. கேள்வித்தாளில் டிக் அடிக்கச் சொன்னால் இதெல்லாம் வராது.

ஒரு எச்சரிக்கை. கிளாஸ்-யான் ஸ்டோல், பால் ரால்ஃப், பிரையன் ஃபிட்ஸ்ஜெரால்ட் மூன்று பேரும் 2016-ல் மென்பொருள் துறையில் கிரவுண்டட் தியரியைக் குறிப்பிடும் 98 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். அந்த முறையைப் பயன்படுத்தியதாக வெளிப்படையாகச் சொன்னவை 52. செய்முறையை விரிவாக விளக்கியவை வெறும் 16. பேட்டி எடுத்து, தலைப்புகளாகப் பிரித்து, மேலே இந்தப் பெயரை ஒட்டிவிடுவது அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது. தலைப்பாகப் பிரிப்பதும் நல்ல ஆய்வுதான், ஆனால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

கிளேசரும் ஸ்ட்ராஸும் பிற்பாடு பிரிந்துவிட்டார்கள். ஸ்ட்ராஸ் ஜூலியட் கார்பினோடு சேர்ந்து 1990-ல் படிப்படியான, கொஞ்சம் இறுக்கமான செய்முறையைக் கொடுத்தார். இது தரவைத் திணித்து வளைப்பது என்று கிளேசர் 1992-ல் கடுமையாக மறுத்தார். கேத்தி சார்மாஸ் 2006-ல் மூன்றாவது வழியை விரித்து எழுதினார், ஆராய்பவரும் சேர்ந்துதான் கோட்பாட்டைக் கட்டுகிறார், அவர் வெளியே நிற்கும் கேமரா இல்லை என்பது அவர் நிலை. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எதை எடுத்தீர்கள் என்று கட்டுரையில் சொல்லுங்கள். புதியவர்களுக்கு நான் சார்மாஸ் பக்கம்தான் கை காட்டுவேன். நாமே இந்த ஊர்க்காரர்கள், நம்மைத் "தம்பி", "அண்ணா" என்று கூப்பிடுகிறவர்களிடம் பேசப் போகிறோம், வெளியாள் மாதிரி எழுதினால் அது உண்மையாக இருக்காது. இந்த முடிவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

கேள்வியோடு போகாதீர்கள், ஒரு பரப்போடு போங்கள்

"கோட் ரிவியூ தரத்தை உயர்த்துகிறதா" என்று போனால் கோட் ரிவியூ பற்றி மட்டும்தான் கேட்பீர்கள், அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் இருக்கலாம். "சின்ன ஊர் மென்பொருள் குழுக்களில் வாடிக்கையாளர் ஒரு மாற்றம் கேட்டால் என்னென்ன நடக்கிறது" என்ற அளவில் போங்கள். உள்ளே போனபின் தேட வேண்டியது ஒன்றுதான்: இவர்களை ஓயாமல் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் எது, அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்.

முன்னால் வந்த ஆய்வுகளைப் படிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் பரப்பைத் தொடும் கட்டுரைகளைத் தோண்டித் தோண்டிப் படிப்பதைத் தள்ளிவையுங்கள் என்பது கிளேசரின் நிலை. படித்துவிட்டுப் போனால் படித்ததுதான் காதில் விழும். ஆனால் நெறியாளர் முன்மொழிவு கேட்பார், அதற்கு ஓரளவு படித்துத்தான் ஆக வேண்டும். படியுங்கள், மனதில் ஏற்கெனவே இருக்கும் எண்ணங்களை ஒரு பக்கத்தில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பின்னால் உங்கள் முடிவும் அந்தப் பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் உஷாராகிவிடலாம்.

உள்ளே நுழைவது

நம் பக்கத்தில் நேரம் பார்த்துப் போக வேண்டும். மாங்கூழ் ஆலைகளுக்கு வேலை செய்பவர்களை மே முதல் ஜூலை வரை தொந்தரவு செய்யாதீர்கள். பில் மென்பொருள்காரர்கள் என்றால் மாதத்தின் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கெடுக்கள், அந்த நாட்களில் போன் ஓயாது. தருமபுரியில் ஜவுளிக்கடைகளுக்குச் செய்து கொடுப்பவர்களிடம் தீபாவளிக்கு முன்னால் போகவே கூடாது.

முதலாளியிடம் அனுமதி வாங்குங்கள், ஆனால் அவர் பக்கத்தில் இருக்கும்போது பேட்டி எடுக்காதீர்கள். பையன்கள் கண் அந்தப் பக்கம் போய்ப் போய் வரும். டீக்கடை பெஞ்சு நல்ல இடம். ஒப்புதல் தாளைத் தமிழில், அரைப் பக்கத்தில் வையுங்கள். எதற்கு இந்த ஆய்வு, பதிவு செய்யலாமா, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், இவ்வளவு போதும்.

பெயரை மாற்றிவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். "கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு மென்பொருள் செய்யும் ஐவர் குழு" என்று எழுதினால் தொழிலில் இருப்பவர் யாரும் ஊகித்துவிடுவார். நான் இந்தக் கட்டுரையிலேயே ஆட்களின் எண்ணிக்கை, இடம், சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நம்மை நம்பிச் சொன்னவருக்கு ஒரு வாடிக்கையாளர் போய்விட்டால் எந்தப் பட்டத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

"டெஸ்டிங் முக்கியம் என்று நினைக்கிறீர்களா" என்றால் யார் இல்லை என்பார்கள். "கடைசியாக ஒரு வாடிக்கையாளர் மாற்றம் கேட்டது எப்போது, போன் வந்ததிலிருந்து சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். என்னிடம் எப்போதும் வேலை செய்யும் கேள்வி ஒன்று உண்டு: "2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" அப்போது தொழிலில் இருந்த பில் மென்பொருள்காரர் ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு மணி நேரக் கதை இருக்கிறது. யார் தூங்கவில்லை, எந்த வாடிக்கையாளர் திட்டினார், எதை அவசரத்துக்கு எப்படி ஒட்டவைத்தார்கள் என்று எல்லாம் தானாகக் கொட்டும்.

பதிவு செய்யத் தேவையில்லை, குறிப்பு போதும் என்பார் கிளேசர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதியவர்கள் பதிவு செய்யுங்கள், நாம் எழுதும் குறிப்பில் நமக்குப் பிடித்தது மட்டும்தான் தங்கும். ரெக்கார்டரை நிறுத்தியபின் வாசலில் சொல்வதை வண்டியை எடுப்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.

அன்று ராத்திரி

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பதினைந்து பேட்டி எடுத்து முடித்துவிட்டு, அப்புறம் லீவு போட்டு உட்கார்ந்து ஆராய்வது கிரவுண்டட் தியரி இல்லை. ஒரு பேட்டி, அதை அலசுவது, அதிலிருந்து எழும் கேள்வியோடு அடுத்த பேட்டி. ராத்திரி முடியவில்லை என்றால் மறுநாள், ஆனால் அடுத்த பேட்டிக்கு முன்னால்.

அலசுவதற்கு இந்தத் துறையில் "கோடிங்" என்று பெயர். நம் ஆட்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் புரோகிராம் எழுதுவது என்றுதான் புரிந்துகொள்வார்கள், அதனால் நான் பெயரிடுவது என்கிறேன். பேட்டியை வரிவரியாகப் படித்து, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டு, அதற்கு ஒரு சின்னப் பெயர் வைப்பது. ஒரு துண்டு பாருங்கள்:

"ஆலைக்காரர் போன் பண்ணி, எடைமேடைச் சீட்டுல கழிவு தனியா காட்டணும்னார். அந்த ஃபார்மை தொட்டா மத்தது என்ன ஆகும்னு தெரியாதுணா, அத எழுதினவர் பெங்களூர் போயிட்டார். அதனால தனியா ஒரு எக்ஸெல் போட்டுக் குடுத்துட்டேன். அவர் கேட்டதை வாட்ஸ்அப்ல வாய்ஸா அனுப்பச் சொல்லி வெச்சுக்கிட்டேன். நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லன்னுட்டா?"

புதியவர் இதற்கு என்ன பெயர் வைப்பார்? "தொழில்நுட்பக் கடன்", "தேவை மேலாண்மை", "ஆவணப் பற்றாக்குறை". மூன்றும் பாடப்புத்தகத்திலிருந்து வந்தவை, அந்தத் தம்பி செய்ததைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நான் வைத்தவை: "எழுதியவர் போனபின் தொட அஞ்சுதல்", "ஓரமாகக் கட்டிக்கொடுத்தல்", "சாட்சி வைத்துக்கொள்ளுதல்". செயலைப் பிடிக்கும் சொல்லாகப் பெயர் வையுங்கள் என்று கிளேசரும் சார்மாஸும் சொல்கிறார்கள். தமிழுக்கு அது கைவந்த கலை. தல் விகுதி போட்டால் போதும், பெயருக்குள் வினை உட்கார்ந்துவிடும். அவர்கள் வாயிலிருந்து வந்த சொல் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். "கைய வைக்க மாட்டோம்" என்பதை நான் மாற்றவே இல்லை.

தயவுசெய்து பேட்டியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் பெயரிடாதீர்கள். கட்டுரை ஆங்கிலத்தில்தான் போகும், சரி, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். "கைய வைக்க மாட்டோம்" என்பதில் பயமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது, மொழிபெயர்த்தவுடன் ஒன்று கழன்றுவிடும். ஓசூர்ப் பக்கம் பேச்சு நடுவில் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் தாவும், அந்த வரிகளை அப்படியே எழுதி, தெரிந்தவரிடம் கேட்டு அர்த்தம் பிடியுங்கள்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு விரிதாள், மூன்று பத்தி: அவர் சொன்னது, பெயர், எந்தப் பேட்டி. இல்லாவிட்டால் ஒரு பக்கம் காலியான தாள்களை வெட்டித் தரையில் பரப்பலாம், எனக்கு அதுதான் ஒத்துவருகிறது.

ஒப்பிடுவதும் மெமோவும்

ஒவ்வொரு புது நிகழ்வையும் பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் குழுவில் சாட்சி வைத்துக்கொண்டார்கள். தருமபுரியில் ஜவுளிக்கடை மென்பொருள் செய்பவர் அப்படி எதுவும் வைப்பதில்லை. "அவங்க கடையிலதான் எங்க வீட்டு எல்லாக் கல்யாணத்துக்கும் துணி எடுத்தோம், அவங்ககிட்டப் போயி எழுதிக் குடுங்கன்னு கேக்க முடியுமா" என்றார். ஒரே தொழில், ஒரே பயம், ஆனால் ஒருவர் சாட்சி கேட்கிறார், ஒருவர் கேட்கக் கூசுகிறார். வித்தியாசம் கண்ணில் பட்டதும் பேட்டிகளை மூடிவிட்டு மெமோ எழுதுங்கள்.

மெமோ என்றால் உங்களுக்கே நீங்கள் எழுதும் கடிதம் மாதிரி. நடை, இலக்கணம் எதையும் பார்க்க வேண்டாம். அன்றைக்கு நான் எழுதியது: "சாட்சி வைப்பது பயத்தால் மட்டும் வருவது இல்லை. உறவு எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. பழகியவரிடம் சாட்சி கேட்டால் அதுவே அவமதிப்பு. அப்படியானால் அவர் தன்னை வேறு எதை வைத்துக் காப்பாற்றிக்கொள்கிறார்? அடுத்த தடவை கேட்க வேண்டும். உறவே இல்லாத, எல்லாமே தாளில் ஓடும் இடத்தில் சாட்சிக்கு என்ன ஆகும்?" பெயர்ப் பட்டியலிலிருந்து கோட்பாடு வராது, மெமோக்களிலிருந்துதான் வரும். நூறு பெயர் இருந்து பத்து மெமோகூட இல்லை என்றால் பெயரிடுவதை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

அடுத்து யாரைப் பார்ப்பது

அந்த மெமோவின் கடைசி வரிதான் அடுத்த ஆளைத் தேர்ந்தெடுத்தது. தியரிட்டிக்கல் சாம்ப்ளிங் என்று இதைத்தான் சொல்கிறார்கள். முதலிலேயே இருபது பேர் பட்டியல் போடாமல், வளர்ந்துவரும் கருத்து எங்கே இடிக்குமோ அங்கே போவது. நான் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் பார்க்கும் ஒருவரிடம் போனேன். அங்கே எல்லாம் மெயில், டிக்கெட், ஒப்புதல். சாட்சியைத் தனியாக வைக்கத் தேவையில்லை, அமைப்பே வைத்துவிடுகிறது. ஆனாலும் அவர் மாதக் கடைசியில், சரக்கு அனுப்பும் நெருக்கடியில், எதிலும் கை வைப்பதில்லை. பிறகு ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டித் தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் ஒருவர், பெரிய நிறுவனம். அங்கே குறிப்பிட்ட நாட்களுக்கு மாற்றமே கூடாது என்று எழுத்தில் தடை போட்டு, அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

மாம்பழ சீசன், தீபாவளி, மாதக் கடைசி, எழுத்துத் தடை. நான்கும் ஒன்றுதான் என்று தரையில் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது.

மையம்

ஒரு கட்டத்தில் ஏதாவது ஒரு கருத்து மற்ற எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். எனக்கு அது "ஓடுவதை ஓடவிடுதல்". இவர்களை உறுத்துவது புதிதாக ஒன்றைச் செய்வது இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று தன் கையால் நின்றுவிடக் கூடாது என்பதுதான். கை வைக்காமல் இருப்பது, ஓரமாகக் கட்டிக்கொடுப்பது, சாட்சி வைப்பது எல்லாமே அதைச் சமாளிக்கும் வழிகள். எந்த வழியை எப்போது எடுக்கிறார்கள் என்பதை உறவின் வயது, எழுதியவர் இன்னும் இருக்கிறாரா, சீசன் நெருங்குகிறதா என்ற மூன்றும் முடிவு செய்கின்றன. ஆட்களின் கவலை, அவர்கள் செய்யும் காரியம், அது மாறும் சூழல், இவை ஒன்றோடொன்று கோர்த்தால்தான் கோட்பாடு. வெறும் ஐந்து தலைப்பு வந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

ஸ்டீவ் அடால்ஃப், ஃபிலிப் குருக்டன், வெண்டி ஹால் மூவரும் 2012-ல் எழுதிய கட்டுரையை இந்தக் கட்டத்தில் படியுங்கள், முன்னால் வேண்டாம். மென்பொருள் செய்பவர்கள் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள், ஆளுக்கொரு பார்வை இருப்பது அதைத் தடுக்கிறது, அந்தப் பார்வைகளை ஒத்துப்போக வைப்பதே அவர்கள் ஓயாமல் செய்யும் வேலை என்று அவர்கள் காட்டுகிறார்கள். ஒரு மையம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி. உங்களுடையதோடு ஒப்பிடுங்கள், அதுவும் ஒரு தரவுதான்.

மையம் கிடைத்தபின் எல்லா வரிக்கும் பெயரிட வேண்டாம், மையத்தைத் தொடுவதை மட்டும் பாருங்கள். பேட்டிகளும் சின்னதாகிவிடும்.

எப்போது நிறுத்துவது

எத்தனை பேட்டி என்று நெறியாளர் கேட்பார், எண் சொல்ல முடியாது. புதிதாகக் கேட்பது எதுவும் உங்கள் கருத்துகளுக்குப் புதிய குணம் எதையும் சேர்க்கவில்லை என்றால் நிறைந்துவிட்டது. அதே கதையை மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்பது நிறைவு இல்லை, ஒரே மாதிரி ஆட்களிடமே போய்க்கொண்டிருப்பீர்கள். வேண்டுமென்றே ஒத்துவராத ஆளைத் தேடிப் போங்கள், சீசன் நடுவிலும் துணிந்து கை வைக்கும் ஒருவர் கிடைத்தால் அவரிடம் ஒரு முழு நாள் இருங்கள்.

எழுதும்போது

மெமோக்களைப் பரப்பி, எதை அடுத்து எது வந்தால் பொருந்துகிறது என்று அடுக்குங்கள். அந்த அடுக்குதான் கட்டுரையின் வரிசை. படிப்பவர் அந்தத் தம்பியின் வாய்ச்சொல்லிலிருந்து பெயருக்கும், பெயரிலிருந்து மையத்துக்கும் நடந்து வர முடிய வேண்டும், ஒரு இடத்திலாவது இந்தச் சங்கிலியை முழுதாகக் காட்டிவிடுங்கள். "பத்தில் ஏழு பேர்" என்று எண்ணிப் போடாதீர்கள், நம் ஆட்களை அந்தக் கணக்குக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் குழுவிடம் திரும்பிப் போங்கள். கட்டுரையைக் கொடுக்காமல், கோட்பாட்டைப் பேச்சுத் தமிழில் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். நான் சொன்னபோது அந்தத் தம்பி கேட்டுவிட்டு, "ஆமாணா, ஆனா ஆலை கைமாறிட்டா இது செல்லாது. புது முதலாளி வந்ததும் நாங்களே பிரிச்சுப் போட்டு எழுதிடுவோம், அப்பதான் பழசோட பழி எங்க மேல வராது" என்றார். உறவின் வயது பற்றி நான் எழுதியிருந்த பகுதியை அந்த ஒரு வரிக்காகத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. "ஆமா" என்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள், "ஆனா"வுக்குப் பின்னால் வருவதற்காக நோட்டைத் திறந்தே வைத்திருங்கள்.